தராசக்கா எழுதிய நடைப்போட்டி விதிகள்

கல்யாணமான மறுநாள் காலையில் சொந்தப் புருஷனுக்கே சிவப்புக் கோடு போட்டவளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பை தைக்கும் தொழிற்சாலைக்கு வாருங்கள், காட்டுகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் மறுநாளே வேலைக்கு வந்தார்கள். அவள் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸ் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு எட்டு மூன்றுக்கு வந்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, அவருடைய வருகை அட்டையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, "லேட்டு" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் தராசு. இருபத்தேழு வருடம் ஓடிவிட்டதால் இப்போது தராசக்கா.

புருஷனுக்கும் பட்டப்பெயர் உண்டு. அவர் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர். பழுப்பு டேப் சுருள் எந்நேரமும் அவர் மணிக்கட்டில் வளையல் மாதிரி தொங்கும். அதனால் டேப்பண்ணன். கோபமே வராத மனிதர். வந்தாலும் வழியில் எங்கேயோ உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் வரும்.

தராசக்காவின் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். காலையில் ஒவ்வொருவரும் தன் வெள்ளை அட்டையை எடுத்து அந்தப் பழைய கடிகாரத்தின் வாயில் செருக வேண்டும். 'டணக்' என்று அது நேரத்தை அச்சடித்துத் துப்பும். பிறகு தொழிற்கூடத்துக்குள் போகிற இருபத்தாறு பேரும் செல்போனை அவளிடம் கொடுக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் சுவரோடு மர அலமாரி, இருபத்தாறு பொந்து. ஃபோனைப் பார்த்துக்கொண்டே தைத்த ஒருத்தி தன் சட்டைக் கையையும் பையோடு சேர்த்துத் தைத்துவிட்ட நாளிலிருந்து இந்த ஏற்பாடு. ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேருக்கு மட்டும் ஃபோன் கையிலேயே இருக்கும்.

அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடல் படம் இருக்கும். பழைய காலண்டரிலிருந்து கிழித்தது. தராசக்கா கடலைப் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் பார்த்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்தால் அவள் முறைப்பாள். ஏழு மணி நேரப் பயணம்தான், ஆனால் பேக்கிங்குக்கு வேலை குறைகிற மாதம் வேறு, கேட்டில் அவளுக்கு மாற்று ஆள் கிடைக்கிற மாதம் வேறு. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கேட்டால் 'கேட்டில் உட்கார்ந்துகொண்டு தனக்குத் தானே வசதி செய்துகொள்கிறாள்' என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் கேட்டதே இல்லை. பேனாவைத் தேடும்போதெல்லாம் கண்ணாடிக்கு மேலாக அந்த நீலத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் புதிதாக வந்த மேனேஜர் பெண் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். நடைப்போட்டி! நடக்கலாம், ஓடலாம். ஆபீஸ், தையல், பேக்கிங் என்று மூன்று அணி. ஜெயிக்கிற அணிக்கு முதலாளியின் கடற்கரை வீட்டில் மூன்று நாள், சம்பளத்தோடு லீவு. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஒருவர் இங்கேயே வேலை செய்தால் அவருக்கும் லீவு!

கூடமே ஆர்ப்பரித்தது. ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை. டேப்பண்ணன் கூட்டத்துக்கு மேலாக எட்டி மனைவியைப் பார்த்தார். தராசக்காவின் காதில் 'கடற்கரை' என்ற வார்த்தைக்கு அப்புறம் எதுவுமே விழவில்லை.

"விதியெல்லாம் நீங்கதான்க்கா எழுதணும்" என்றாள் மேனேஜர். "நீங்க எந்த டீம்லயும் இருக்க வேண்டாம். நடுவர். நீங்க எழுதினா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

பெருமை தாங்கவில்லை அவளுக்கு. அன்று மாலையே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். ஃபோனில் காட்டுகிற அடிக்கணக்குதான் கணக்கு. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவளிடம் காட்ட வேண்டும். அணிகளில் ஆள் எண்ணிக்கை வேறு வேறு என்பதால் மொத்தம் பார்க்கக் கூடாது, தலைக்குச் சராசரிதான். ஒருவர் ஃபோனை இன்னொருவர் சுமந்தால் அன்றைய கணக்கு மொத்தமும் போச்சு. படித்துவிட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டியபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் வாரம் முடிந்தது. ஆபீஸ் அணி தலைக்கு ஒன்பதாயிரம் அடி என்று எங்கேயோ போய்விட்டது. அதில் ஓர் ஆள், பை வரைகிற டிசைனர், ஒரே காலைப்பொழுதில் பன்னிரண்டாயிரம் காட்டினான். விசாரித்தால், அரை நாள் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவன் தொட்டிலுக்குள் குழந்தையோடு ஃபோனையும் போட்டு ஆட்டியிருக்கிறான். நடந்தது தொட்டில்! தராசக்கா அந்தக் கணக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். அப்படியும் ஆபீஸ்தான் முன்னால். தையல் ஆயிரத்தைந்நூறு. பேக்கிங் அதைவிடக் கீழே.

திங்கட்கிழமை காலை பலகைக்கு முன்னால் நின்று அந்த டிசைனர் சிரித்தான். "என்னக்கா, பேக்கிங்ல எல்லாரும் படுத்துக்கிட்டே பெட்டி ஒட்டுறாங்களா?"

அவளுக்கும் அதே கேள்விதான். புருஷன் தினமும் வீங்கின காலோடு வருகிறார், பக்கெட் வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் கணக்கு ஆயிரத்து முந்நூறு அடி என்றால் யார் நம்புவது? யோசித்துக்கொண்டே நாற்காலியில் திரும்பினாள். எதிரே மர அலமாரி. இருபத்தாறு பொந்து. இருபத்தாறு ஃபோனும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

அடக் கடவுளே!

அவளே வாங்கி, அவளே அடுக்கி, அவளே பூட்டுகிற ஃபோன்கள். ஒவ்வொரு காலையும், இத்தனை வருடமாக. அந்தக் கையாலேயே 'ஃபோனில் உள்ளதுதான் கணக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராகத் தையல் கூடத்துக்குப் போனாள். அங்கே தலைவி ஒருத்தி உண்டு, குரலுக்காக வெடி என்று பெயர். அத்தனை மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் பேச்சுக் கேட்கும்.

"உங்க ஃபோனெல்லாம் என் பொந்துல இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லடி. நீயாவது சொல்லக் கூடாதா?"

வெடி மெஷினை நிறுத்தினாள். அவள் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாழ்ந்து வந்தது. "எங்களுக்கு மொத நாளே தெரியும்க்கா. பரிசு ஆபீசுக்குத்தான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க, அதான் அக்காவையே இப்படி எழுத வெச்சுட்டாங்கன்னு நெனச்சோம்."

இதைவிட அவள் ஓர் அறை விட்டிருக்கலாம். இருபத்தேழு வருடம் ஒரு பக்கம் சாயாமல் நின்ற தராசு, இவர்கள் கண்ணில் ஒரு வாரமாகச் சாய்ந்தே கிடந்திருக்கிறது. பேக்கிங் வாசலில் புருஷனைப் பிடித்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றார் டேப்பண்ணன், டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே.

"அப்ப ஏங்க சொல்லல?"

"நான் சொல்லி நீ மாத்துனா, புருஷன் டீமுக்காக மாத்துனாள்னு ஊரே சொல்லும். உன் பேரு கெட்டுடும். கடலு எங்கயும் ஓடிப் போயிடாது."

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தராசக்கா ஒரு முக்காலியில் ஏறி நின்றாள். "தப்பு என்னோடது. ஃபோன வாங்கி வெச்சுக்கிட்டு, ஃபோன்ல நடன்னு சொல்லியிருக்கேன். ஒரு வாரக் கணக்கையும் அடிச்சாச்சு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

தையலும் பேக்கிங்கும் மேசையைத் தட்டிக் கத்தின. ஆபீஸ் பக்கம் முகங்கள் செத்துவிட்டன. டிசைனர் எழுந்தான். "நியாயமாக்கா இது? நாங்க ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போது மாத்துறீங்க. உங்க வீட்டுக்காரர் டீம் கடைசியில இருக்கு. அவரு ஜெயிச்சா நீங்களும் கடலுக்குப் போவீங்க. நாங்க என்ன காதுல பூ வெச்சிருக்கோமா?"

சுருக்கென்று தைத்தது அவளுக்கு, ஏனென்றால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடல் வேண்டும்தான் அவளுக்கு. உயிரைக் கொடுத்தாவது வேண்டும்.

"நாளைக்குப் புது விதி ஒட்டுவேன்" என்றாள். "அதுல என் வீட்டுக்காரருக்குச் சாதகமா ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் காட்டு. இந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுப் போயிடுறேன்."

சவால் விட்டாயிற்று. இனி யோசிக்க வேண்டாமா? வேலை நேரத்து நடையைச் சேர்த்தால் பேக்கிங் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வேலைக்குப் பிறகு நடக்கச் சொன்னால், நாற்காலியில் இருந்தவன் துள்ளுவான், பெட்டி தூக்கினவன் சுருண்டு விழுவான். வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவள் எப்போது நடப்பாள்? எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பது எது? உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பழைய கடிகாரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். சாப்பாட்டு இடைவேளை! அது எல்லோருக்கும் ஒரே நேரம், எல்லோருக்கும் ஒரே மதில், ஒரே வாசல், ஒரே கடிகாரம்!

மறுநாள் ஒட்டிய விதி இது. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். முதல் இருபது நிமிடம் நடை, அப்புறம்தான் சாப்பாடு. தொழிற்சாலை மதிலை ஒட்டி ஒரு முழுச் சுற்று வந்து, கேட்டில் போட்டிக்கென்று வைத்திருக்கிற மஞ்சள் அட்டையைக் கடிகாரத்தில் அடித்தால் ஒன்று. நடந்தாலும் ஒன்று, ஓடினாலும் ஒன்று. ஓட்டக்காரன் ஒருவனே அணியைத் தூக்கிக்கொண்டு போகாமலும், வீம்புக்கு ஓடி யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராமலும் இருக்க, ஒரு நாளைக்குத் தலைக்கு நாலு சுற்றுக்கு மேல் கிடையாது. பொத்தான் துளை போடுகிறவர் ஊன்றுகோலோடு நடக்கிறவர்; அவரையே கேட்டாள். "தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பினா எனக்கு ஒரு சுத்துன்னு வெச்சுக்கம்மா, அதுக்கு மேல சலுகை வேண்டாம்" என்றார். அப்படியே எழுதினாள். பன்னிரண்டு ஐம்பதுக்குள் மஞ்சள் அட்டையில் விழாத சுற்று சுற்றே இல்லை, காரணம் எதுவானாலும். பத்து வேலை நாள்.

டிசைனர் மூன்று தடவை படித்தான். ஓட்டையே இல்லை. போய் ஓடுகிற செருப்பு வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்தப் பத்து நாளும் அந்த இடம் பட்ட பாடு இருக்கிறதே! பன்னிரண்டரைச் சங்கு ஊதும் முன்பே மெஷின்களுக்கு அடியில் கால்கள் தாளம் போடும். ஊதினதும் முப்பத்துநாலு பேரும் வாசலில் முட்டி மோதுவார்கள். மேனேஜர் பெண் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். தையல் பெண்கள் கைகோத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, ஆனால் நிற்காமல் நடந்தார்கள். கடிகாரம் பாவம், டணக் டணக் என்று மூச்சுவிட நேரமில்லாமல் அடித்தது. தராசக்கா தொண்டை கட்டக் கட்ட நேரம் சொன்னாள். பசி நன்றாக எடுத்தது, ஒருவர் டப்பாவிலும் பருக்கை மிஞ்சவில்லை.

நாலாம் நாள் ஒரு சம்பவம். வெடி கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து அட்டையை எடுத்து அடித்தாள். பார்த்தால் அது வெள்ளை, தினமும் காலையில் அடிக்கிற வருகை அட்டை. வருடக்கணக்கான பழக்கம், கை தானாக அங்கே போய்விட்டது. மஞ்சளை எடுப்பதற்குள் மணி தாண்டிவிட்டது.

"செல்லாது" என்றாள் தராசக்கா.

"அக்கா! உங்க கண்ணு முன்னாடிதானே வந்தேன்!"

"வந்தே. மஞ்சள்ல விழல."

வெடி வெடித்தாள். மதிலில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. வெடித்து முடித்து, இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "எல்லாருக்கும் இதேதானே?"

"எல்லாருக்கும் இதேதான்."

"அப்ப சரி" என்று போய்விட்டாள்.

பத்தாம் நாள். ஆபீஸ் நன்றாகத்தான் நடந்தது, ஆனாலும் பின்தங்கிவிட்டது. மோதல் தையலுக்கும் பேக்கிங்குக்கும்தான். பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குத் தையல்காரர்கள் பதினான்கு பேரும் முடித்துவிட்டார்கள், மொத்தம் முந்நூற்று எழுபத்திரண்டு சுற்று. பேக்கிங்கில் பன்னிரண்டு பேர், முந்நூற்றுப் பதினெட்டு. மேனேஜர் சராசரி போட்டுப் பார்த்துவிட்டுக் கூவினாள். "இப்ப தையல் முன்னாடி! பேக்கிங்குக்கு இன்னும் ஒரு சுத்து விழுந்தா அவங்க முன்னாடி!"

அந்த ஒரு சுற்று இன்னும் மதிலுக்குப் பின்னால் இருந்தது. அது டேப்பண்ணன்.

திருப்பத்தில் அவர் தலை தெரிந்ததும் பேக்கிங் மொத்தமும் அலறியது. "ஓடுண்ணே! ஓடு!" பத்து நாளாக நடந்தே வந்த மனிதர் ஓடினார். தொப்பை ஒரு பக்கம் போக, மணிக்கட்டில் டேப் சுருள் துள்ள, வாயைப் பிளந்துகொண்டு ஓடினார். தராசக்காவின் கால் தரையில் பாவவில்லை. நடுவர் வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் நெஞ்சு மட்டும் 'வாங்க, வாங்க, வாங்க' என்று அடித்துக்கொண்டது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நீலம் பளபளத்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. அவர் வாசலுக்குள் பாய்ந்தார், அட்டையை உருவினார், செருகினார்.

டணக்!

பேக்கிங்காரர்கள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். இருவர் அவரைத் தூக்கவே தூக்கிவிட்டார்கள். தூக்கின உயரத்தில் அவர் கையிலிருந்த அட்டையைத் தராசக்கா பார்த்தாள்.

வெள்ளை.

டேப்பண்ணனும் பார்த்தார். தோளிலிருந்து குதித்து மஞ்சளைத் தேடி எடுத்து அடித்தார். டணக். ஐம்பத்தொன்று.

மேனேஜர் தயங்கித் தயங்கி, "அக்கா, வந்துட்டாரே. எல்லாரும் பாத்தோம். வெள்ளையில அம்பதுன்னுதான் இருக்கு" என்றாள். டிசைனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வெடி எதுவுமே சொல்லவில்லை, தராசக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நின்றதுதான் பெரிய சத்தமாக இருந்தது.

தராசக்கா சிவப்புப் பென்சிலைத் தேடினாள். அது காதிலேயே இருந்தது. மஞ்சள் அட்டையை வாங்கி, ஐம்பத்தொன்றின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"செல்லாது. நாலாம் நாள் இவளும் நேரத்துக்குத்தான் வந்தா. தையல் ஜெயிச்சாச்சு."

அப்புறம் எழுந்த கூச்சலில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. வெடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள். டிசைனர் மெதுவாக வந்து, "அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புக்கா" என்றான். பேக்கிங்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். டேப்பண்ணன் மட்டும் இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு மறுநாள் போட்ட அதே கோடு. கொஞ்சங்கூட வளையல" என்றார்.

அவள் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, கைப்பையை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்து, அவருடைய காலுக்கு வெந்நீர் வைத்தாள். நீர் சூடாகிறவரை தாங்கியது. பக்கெட்டில் ஊற்றும்போது உடைந்துவிட்டது.

"என் கையாலேயே கோட்டப் போட்டுட்டேன்ங்க. கடலு போச்சு."

"நீ மட்டும் அதச் சரின்னு போட்டிருந்தா, கடலப் பாத்திருப்பேன். உன் மூஞ்சியப் பாத்திருக்க முடியாது" என்றார் அவர், காலை நீருக்குள் விட்டுக்கொண்டே. "அது கெடக்கட்டும். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றியே, நம்ம ஃபாக்டரியில லீவுக்கு விதி என்ன? சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்கத்தில் ஒப்பித்தாள். "விதி பதினேழு. பதினஞ்சு நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். மாத்து ஆள் ஒருத்தர் இருக்கணும். ஒரே வீட்டுல ரெண்டு பேர் வேலை செஞ்சா, ஒரே நேரத்துல சேந்து லீவு எடுக்கலாம், வருஷத்துக்கு ஏழு நாள்..."

நிறுத்தினாள். கையில் காலிப் பாத்திரம் அப்படியே நின்றது.

எத்தனை பேருக்கு இதை ஜன்னல் வழியாக எடுத்துச் சொல்லியிருப்பாள்! தையலில் அக்கா தங்கை இருவருக்கு, பேக்கிங்கில் அப்பன் மகனுக்கு, படிவத்தையும் கொடுத்து, எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே விதி என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவள், இரண்டே இரண்டு பேரை மட்டும் அந்த 'எல்லோரில்' சேர்க்காமலே விட்டிருக்கிறாள்.

"இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?" என்றாள்.

"நீயா கேப்பேன்னு பாத்தேன்."

மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு அவள் மேனேஜர் மேசையில் படிவத்தை வைத்தாள். காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: கடல். மேனேஜர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "கண்டிப்பாக்கா! ஆனா கேட்ல யாரு உக்காருவா?"

கதவுக்கு வெளியே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த குரல் கட்டிடமே அதிரப் பதில் சொன்னது. "நாங்க கடலுக்குப் போயிட்டு வந்ததும் நான் உக்காருறேன்!" வெடி தலையை உள்ளே நீட்டினாள். "அக்கா, அந்தச் சிவப்புப் பென்சில மட்டும் இப்பவே கொடுத்துடுங்க. டேப்பண்ணன் இன்னிக்கும் லேட்டு."